நம்ம ஆலை

பரகுவாயின் யுகுவா ரோய் ஊரில் ஸ்பானிஷ் தெரியாதவர் என்று யாரும் கிடையாது. தெரிந்தவர் என்றும் யாரும் கிடையாது. கடையில் சோப்பு வாங்க, போலீஸ்காரனுக்குக் கும்பிடு போட, ரேடியோவில் கால்பந்து வர்ணனை கேட்டுக் கத்த, அவ்வளவுக்கு எல்லோரிடமும் இருந்தது. பேச்சு, சண்டை, கொஞ்சல், பிரார்த்தனை எல்லாம் தாய்மொழியான குவரானியில்தான். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது, டவுன் வக்கீல் என்ன உளறுகிறான் என்று வந்துவிட்டால் மட்டும் மொத்த ஊரும் ஒரே ஆளைத் தேடிப் போகும். அந்த ஆள் நிமியா கபான்யாஸ்.

பதினேழு வயதில் தலைநகர் அசுன்சியோனுக்குச் சமையல் வேலைக்குப் போனவள். போன இடம் ஒரு பத்திர எழுத்தர் வீடு. அவருக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. அதை வெளியில் சொல்ல மாட்டார், அவ்வளவு வீம்பு. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நிமியாவை உட்காரவைத்துப் பத்திரங்களை வாசிக்கச் சொல்வார். தப்பாக வாசித்தால் கரண்டியால் மேசையில் ஒரு தட்டு. பதினாலு வருஷம் அந்தத் தட்டலைக் கேட்டுக் கேட்டு அவளுடைய ஸ்பானிஷ் ரிஜிஸ்டர் ஆபீஸ் ஸ்பானிஷ் ஆகிவிட்டது. அவர் செத்ததும் பிள்ளைகள் வீட்டை விற்றார்கள். நிமியா ஒரு பெட்டியும் ஒரு தடித்த அகராதியுமாக சான் பெத்ரோ பஸ் ஏறி, தாய்மாமன் சிந்துல்ஃபோ வீட்டு முற்றத்துக்கே திரும்பி வந்து சேர்ந்தாள். அம்மா போன பிறகு அவளை வளர்த்தது அந்த மாமாதான்.

ஊர்ச் சங்கத்துக்குத் தலைவரும் அவரே. பெரிய அதிகாரம் என்று நினைத்துவிட வேண்டாம். ஊற்றடி நிலத்துப் பத்திரத்தை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுப் பூட்டிவைத்திருப்பவர், அவ்வளவுதான். ஆனால் அந்த ஊற்று சாதாரணம் இல்லை. ஊர்ப் பெயருக்கே குளிர்ந்த ஊற்று என்றுதான் அர்த்தம். அங்கே ஜனவரிதான் கோடை, அந்த வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் அந்தத் தண்ணீர் பல்லைக் கூசவைக்கும். கொம்புக் குவளையில் இலைத்தூளைப் போட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றி, ஒரே உறிஞ்சுகுழலால் சுற்றியிருக்கிறவர்கள் எல்லோரும் முறைவைத்துத் தெரெரே குடிக்கிற ஊருக்கு வேறென்ன வேண்டும்? ஊற்றைச் சுற்றி ஆறு ஹெக்டேர் பொது நிலம். மாடு மேயும், பந்து உருளும், மே மாதம் புனித இசிதோர் திருவிழா நடக்கும்.

ஜோர்தி வந்தது 2011 ஆகஸ்டில், ஒரு வெள்ளைப் பிக்கப் வண்டியில். பார்சலோனாக்காரர். அந்த ஊர்ப் பல் டாக்டர்கள், வாத்தியார்கள், கடைக்காரர்கள் சேர்த்துவைத்த பணத்தைத் திரட்டி வெளிநாடுகளில் முதலீடு செய்கிற ஒரு நிறுவனத்தின் ஆள். மரவள்ளிக்கிழங்கிலிருந்து மாவு எடுக்கும் ஆலை ஒன்று போடுவதற்குக் கிழங்கும் தண்ணீரும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கிற ஊராகத் தேடிக்கொண்டிருந்தார். நகராட்சி அலுவலகத்தில் யாரோ நிமியாவைக் கைகாட்டிவிட்டார்கள்.

வண்டியில் வரும்போதே அவர் எல்லாவற்றையும் விளக்கினார். ஆலை முதலீட்டாளர்களுடையது. ஊர்க்காரர்களுக்கு வேலை உண்டு, கிழங்கை நிச்சயமாக வாங்கிக்கொள்ள ஒரு இடம் உண்டு. அதற்கு மேல் எதையும் வாக்குக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை.

"நான் சொல்றத சொல்ற மாதிரியே சொல்லுங்க, நிமியா. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். வேற நாடுகள்ல மொழிபெயர்க்கிறவங்க கூட்டிச் சொல்லி நான் பட்ட பாடு போதும்."

"எனக்கு அந்தப் பழக்கம் இல்ல, ஐயா," என்றாள் நிமியா. கொஞ்சம் ரோஷத்தோடுதான் சொன்னாள். கரண்டித் தட்டல் வாங்கிப் படித்தவள் அல்லவா.

மாமா வீட்டு முற்றத்தில் இறங்கியதும் தெரெரே வந்தது. ஜோர்தி ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, மரியாதையாக நெஞ்சில் கைவைத்து "நன்றி" என்றார். எங்கும் நன்றி என்றால் நன்றி. இங்கே தெரெரே வட்டத்தில் நன்றி என்றால் எனக்குப் போதும், இனி ஊற்றாதே என்று பொருள். அதற்குப் பிறகு குவளை ஏழு தடவை சுற்றி வந்தது, ஏழு தடவையும் அவரைத் தாண்டிப் போனது. மனுஷர் வேர்த்து ஊற்றிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் ஆசையாகக் கையை நீட்டப் பார்ப்பார், பிறகு மடக்கிக்கொள்வார்.

பக்கத்து வீட்டு பிளாசிதாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சந்தையில் சீப்பா ரொட்டி விற்கிறவள், வாயால் ஊரையே வாங்கி விற்பவள். "பாவம்டி, தொண்டை காயுது மனுஷனுக்கு. இவரு எதுக்கு இவ்வளவு தூரம் வந்திருக்காரு?"

"நம்ம நாடு முளைச்சு வர்ற சந்தையாம் அக்கா. அதுல முதல் போட வந்திருக்காரு."

"எங்க முளைக்குது? நான் போன சனிக்கிழமையும் சந்தைக்குப் போனேனே. நாலு கோழியும் நாப்பது ஈயும்தான் இருந்துச்சு."

அப்போது நிமியாவும் சிரித்தாள். அந்த ஊரில் அவள் மனசாரச் சிரித்த கடைசி நாட்களில் அதுவும் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் முன் மாமரத்தடியில் கூட்டம். எழுபது பேருக்குக் குறையாது. மாமா முன்வரிசையில், தொப்பியை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு. ஜோர்தி எழுந்து நின்று, கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஸ்பானிஷில் தெளிவாக, நிறுத்தி ஆரம்பித்தார்.

"நோசோத்ரோஸ் இங்கே ஒரு ஆலை கட்டப்போறோம்."

அங்கேதான் நிமியா இடறினாள். ஸ்பானிஷ்காரனுக்கு நாம் என்றாலும் நாங்கள் என்றாலும் ஒரே சொல்தான், நோசோத்ரோஸ். அதில் யார் உள்ளே, யார் வெளியே என்பது கேட்கிறவன் பாடு. குவரானியில் அப்படி நழுவ முடியாது. இதைப் படிக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வாயைத் திறந்தவுடனே எதிரில் இருப்பவனைச் சேர்த்துக்கொள்கிறாயா, தள்ளிவைக்கிறாயா என்று சொல்லியாக வேண்டும்.

நாங்கள் என்பதுதான் சரி என்று அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். ஆனால் அதைச் சொல்லப்போகிற வாய் அவளுடையது. பிக்கப்பிலிருந்து இறங்கி வந்து, அந்நிய மனிதர் பக்கத்தில் நின்றுகொண்டு, வளர்த்த மாமாவை எதிரில் உட்காரவைத்து நாங்கள் என்றால், அந்த நாங்களில் அவளும் ஜோர்தியும் இருப்பார்கள், மாமா இருக்க மாட்டார். பதினாலு வருஷம் பட்டணத்தில் இருந்தவள், நம்மை மறந்தவள் என்று ஏற்கெனவே ஒரு முணுமுணுப்பு இருந்தது. அந்தச் சொல் தொண்டை வரை வந்து நின்றுவிட்டது.

"நாம இங்க ஒரு ஆலை கட்டப்போறோம்," என்றாள்.

அவர்கள் கட்டப்போகிறார்கள் என்று சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று பிற்பாடு எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொண்டாள். சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்வதைச் சொல்கிற மாதிரியே சொல்லுங்கள் என்றுதானே அந்த மனிதர் கேட்டிருந்தார்.

சொன்னதும் முகங்கள் மாறியதைப் பார்த்தாள். கைகட்டி நின்றவர்கள் கையைப் பிரித்தார்கள். பின்னால் மரத்தில் சாய்ந்திருந்தவர்கள் முன்னால் வந்தார்கள். அரசாங்கத்து ஆட்கள், சோயா முதலாளிகள், ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் என்று எத்தனையோ பேர் அந்த மரத்தடியில் பேசியிருக்கிறார்கள். ஒருவரும் நாம் என்று ஆரம்பித்ததில்லை.

மாமா எழுந்தார். "பிள்ள, ஆலை யாருக்குச் சொந்தமா இருக்கும்னு அந்த ஐயாவக் கேளு."

கேட்டாள். ஜோர்தி சிரித்துக்கொண்டே, இதென்ன கேள்வி என்பதுபோல, "நோசோத்ரோஸுக்குத்தான், வேற யாருக்கு?" என்றார். முன்வரிசையில் அரைகுறை ஸ்பானிஷ் தெரிந்த இரண்டு பேர் அந்தச் சொல்லைக் கேட்டுத் தலையாட்டினார்கள்.

முதல் தடவை வாய் தவறியது என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தடவை தவறவில்லை. திருத்துவதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. எழுபது முகங்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன, எல்லாவற்றிலும் ஒரு பிரியம் இருந்தது.

"நமக்குத்தான் மாமா," என்றாள்.

எழுபது கைகளும் உயர்ந்தன. ஊற்றடி நிலம் ஆறு ஹெக்டேரையும் கம்பெனிக்கு எழுதிக்கொடுக்கும் பத்திரத்தை நிமியாதான் வரிக்கு வரி வாசித்துக் காட்டினாள். அதில் ஒரு எழுத்தும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கம்பெனி என்றே வாசித்தாள். ஆனால் கம்பெனி என்ற சொல்லுக்குள் ஊர் ஏற்கெனவே போய் உட்கார்ந்துவிட்டிருந்தது. மாமா பிஸ்கட் டின்னைத் திறந்து பழைய பத்திரத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "நமக்கு நாமே எழுதிக்குடுக்கிறோம். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

கட்டிட வேலை தொடங்கிய அன்று காலையில் ஊரே மண்வெட்டியோடு வந்து நின்றது. கல் சுமந்தார்கள், பாதை வெட்டினார்கள், கொட்டகைக்குக் கால் நட்டார்கள். பெண்கள் அண்டாவில் கிழங்கும் கறியும் வேகவைத்தார்கள். கூலி கொடுக்கப்போன ஜோர்தியின் கையை மாமா சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டார்.

"ஏன் வாங்க மாட்டேங்கிறாங்க?" என்று ஜோர்தி திகைத்துப்போய்க் கேட்டார்.

சொந்த வீட்டு வேலைக்கு யாராவது கூலி வாங்குவார்களா என்பதுதான் பதில். நிமியா அதைச் சொல்லவில்லை. "இங்க அது வழக்கம், ஐயா. கூட்டு வேலைன்னா அப்படித்தான்," என்றாள். அது வழக்கம்தான், பொய் என்று யாரும் சொல்ல முடியாது. அன்றைக்கு ஜோர்தி பார்சலோனாவுக்கு எழுதிய கடிதத்தில், உலகத்தில் இப்படிப்பட்ட நல்ல ஜனங்களை நான் பார்த்ததில்லை என்று எழுதினார். அவளுக்கு வாசித்தும் காட்டினார். அவள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

ஆலை ஓடத் தொடங்கியதும் அவளுக்கு அலுவலகத்தில் வேலை. மாதச் சம்பளம். மாமா முற்றத்தின் ஓரத்திலேயே செங்கல் வீடு கட்டிக்கொண்டாள், ஓட்டுக் கூரை, ஃபிரிட்ஜ். நான்கு வருஷம் அந்த ஒரு சொல்லின் மேல் இரண்டு பக்கமும் சந்தோஷமாகக் குடித்தனம் நடத்தின. ஊர்க்காரர்கள் அலுவலகத்துக்குள் நினைத்தபோது நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்து தெரெரே குடித்தார்கள். பரகுவாய்க்காரர்கள் எவ்வளவு சிநேகமானவர்கள் என்று ஜோர்தி பூரித்துப்போனார். அதற்குள் அவரும் தேறிவிட்டார். வட்டத்தில் உட்கார்ந்தால் வாயைத் திறக்காமல் குவளையைத் திருப்பிக் கொடுப்பார், ஆறு சுற்றாவது குடிப்பார். வேறு லாரிக்காரன் கிழங்குக்குக் கூட விலை சொன்னால், "சொந்த ஆலை பட்டினி கிடக்க வெளிய விக்கிறதா?" என்று திட்டி அனுப்பினார்கள். பிளாசிதா சந்தையில் நின்று, "நம்ம ஆலை மாவுல சுட்ட சீப்பா!" என்று கூவினாள்.

இவை எல்லாவற்றிலும் நிமியாவுக்குத் தாங்க முடியாதது மாமாவின் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் இஸ்திரி போட்ட சட்டையோடு ஆலைக்கு வருவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கழுவும் தொட்டி, துருவும் எந்திரம், காயவைக்கும் கூண்டு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவார். எங்கேயாவது எண்ணெய் கசிந்தால் கைக்குட்டையால் துடைப்பார். காவல்காரன் எழுந்து நிற்பான்.

"லாபம் எப்ப வருமாம், பிள்ள?" என்று ஒருநாள் கேட்டார். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்துவிட்டு அவரே சமாதானமும் சொன்னார். "நான் சும்மா கேட்டேன். ஆலை இன்னும் கைக்குழந்தை. அதுக்குள்ள சம்பாதிச்சுப் போடுன்னா எப்படி? ஐயாவ அவசரப்படுத்தாத."

அன்றே சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்லியிருக்கலாம். சொல்லாத ஒவ்வொரு வாரமும் சொல்வதை இன்னும் கஷ்டமாக்கியது.

2015 டிசம்பரில் ஜோர்தி ஊரைக் கூப்பிட்டு ஆலை முற்றத்தில் நிற்கவைத்தார். மனுஷருக்குக் கண் சிவந்திருந்தது. பார்சலோனாவில் முதலீட்டாளர்களுக்கு இந்தப் பக்கத்துச் சந்தைகள் மேல் நம்பிக்கை போய்விட்டது, பணத்தைத் திரும்பக் கேட்கிறார்கள் என்று முந்தின நாளே நிமியாவிடம் சொல்லியிருந்தார். அவர் தடுத்துப் பார்த்தும் நடக்கவில்லை.

"நோசோத்ரோஸ் ஆலையை விக்கறதுன்னு முடிவு பண்ணிட்டோம்," என்றார்.

நிமியா மாமாவைப் பார்த்தாள். நாம் விற்க முடிவு செய்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. அந்த முற்றத்தில் நின்ற யாரும் எதையும் முடிவு செய்யவில்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் நின்ற சொல்லை இப்போது துப்பியே ஆக வேண்டும்.

"நாங்க ஆலைய விக்கறதுன்னு முடிவு பண்ணிட்டோம்."

எல்லோரும் பக்கத்திலிருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்கள். புரியாமல் இல்லை, காதில் விழுந்தது சரிதானா என்று பார்த்தார்கள். மாமாதான் கேட்டார், மெதுவாக. "நாங்கன்னா யாரு, பிள்ள?"

"கம்பெனிக்காரங்க, மாமா."

"நம்ம ஆலைய அவங்க எப்படி விப்பாங்க? நம்மளக் கேக்காம?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஜோர்தி, "என்ன கேக்கறார்?" என்றார். "வருத்தப்படறாங்க, ஐயா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஊர் தன்னை ஏமாற்றியவன் யார் என்று தானே முடிவு செய்துகொள்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைசி நாள் ஜோர்தி ஒவ்வொரு வீடாக விடைபெறப் போனார். கதவு திறக்கவில்லை. பிளாசிதா வீட்டில் மட்டும் முற்றத்தில் ஆள் இருந்ததால் மரியாதைக்கு ஒரு குவளை நீட்டினார்கள். அவர் குடித்து முடித்து, திருப்பிக் கொடுக்கும்போது, அர்த்தம் தெரிந்தே "நன்றி" என்றார். அவர் தெருமுனை தாண்டியதும் பிளாசிதா அந்தக் குவளையையும் குழலையும் வெந்நீரில் கழுவி வெயிலில் காயப்போட்டாள். நிமியா தன் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தாள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

புதிய முதலாளிகள் யார் என்று யாரும் பார்த்ததில்லை. அவர்கள் அனுப்பிய கம்பி வேலியைத்தான் பார்த்தார்கள். ஊற்று வேலிக்குள் போய்விட்டது. மாடு நுழைந்தால் அபராதம், மனுஷன் நுழைந்தால் போலீஸ். அந்த மே மாதம் புனித இசிதோர் சாலையோரத்தில் லாரிப் புழுதியில் நின்றார். தெரெரேக்குக் கடையில் ஐஸ் வாங்கி ஆழ்குழாய்த் தண்ணீரில் போட்டுக்கொண்டார்கள். துரு வாடை அடித்தது.

நிமியா ஆலை வேலையை விட்டுப் பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கப் போனாள். அங்கும் நிம்மதி இல்லை. ஊரில் ஒரு புதுச் சொல் பிறந்திருந்தது. பொய் சொல்கிறவனைப் பார்த்து, "ஜோர்தி போடாத" என்றார்கள். வீட்டுப்பாடம் எழுதாமல் சாக்குச் சொன்ன பிள்ளையைப் பக்கத்துப் பிள்ளை, "டீச்சர், இவ ஜோர்தி போடறா!" என்று காட்டிக்கொடுக்கும். வகுப்பே சிரிக்கும். நிமியா கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் போனுக்குப் பார்சலோனாவிலிருந்து ஒரு வரி வரும்: எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள், இன்னும் என்மேல் கோபமா? அவள் பதில் எழுதியதில்லை. நாம் என்கிற சொல்லும் அவள் வாயில் வராமல் போனது. பள்ளிக்கூடம் போவோம் என்பதற்குப் பதில் பள்ளிக்கூடம் போங்கள், நானும் வருகிறேன் என்பாள்.

மூன்றாவது வருஷம் அசுன்சியோனிலிருந்து இலவசமாக வழக்காட ஒரு வக்கீல் கிடைத்தாள், சின்ன வயசுக்காரி, துடிப்பானவள். பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வழிதான் என்றாள். ஆலையில் பங்கு உண்டு என்று வாயால் வாக்குக் கொடுத்து ஏமாற்றி நிலத்தை எழுதி வாங்கினார்கள் என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு ஒரு சாட்சி வேண்டும். இரண்டு மொழியும் தெரிந்த, அன்றைக்கு அங்கே நின்ற சாட்சி.

விசாரணை திங்கட்கிழமை. சனிக்கிழமை மத்தியானம் மாமா வீட்டு முற்றத்தில் வட்டம் கூடியது. மாமா, பிளாசிதா, சங்கத்து ஆட்கள் இரண்டு பேர், நிமியா. எழுபதைத் தாண்டிய மாமா ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நீ புதுசா ஒண்ணும் சொல்ல வேணாம், பிள்ள. அன்னைக்கு மாமரத்தடியில அந்தாளு என்ன சொன்னானோ, அத சத்தியம் பண்ணிச் சொல்லு. ஊத்து நமக்குத் திரும்பிரும்னு வக்கீலம்மா சொல்லுது."

ஒரு வாரமாக நிமியா இதைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாம் என்ற அர்த்தத்தில்தான் அவர் சொன்னார் என்று நீதிபதி முன் ஒரு வார்த்தை. இன்னும் ஒரே ஒரு தடவை. ஊற்று திரும்பி வந்துவிடலாம். கெடுவது கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு மனுஷரின் பெயர், அது இங்கே ஏற்கெனவே கெட்டுத்தான் கிடக்கிறது. இப்படி நினைத்து நினைத்து, சரி, சொல்லிவிடலாம் என்று தேறித்தான் வந்து உட்கார்ந்திருந்தாள்.

பிளாசிதா அவள் தொடையில் தட்டினாள். "நீ மட்டும் அங்க போய் ஜோர்தி போடாம இருந்தியானா போதும்டி!"

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் பல் இல்லாத வாயால் சிரித்தார்.

"அவரு சொல்லல," என்றாள் நிமியா.

"என்னது?"

"அவரு நாமன்னு சொல்லல, மாமா. நாங்கன்னுதான் சொன்னாரு. நான்தான் மாத்திச் சொன்னேன்."

பிளாசிதாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "ஏய், வெளையாடாத."

"வெளையாடல, அக்கா. வண்டியில வரும்போதே எல்லாத்தையும் தெளிவாச் சொன்னாரு. கூட்டிச் சொல்லாதன்னும் சொன்னாரு. ஒங்களுக்கு எதுத்தாப்புல நின்னுக்கிட்டு நாங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நான் அந்தப் பக்கம்னு நெனச்சிருவீங்களேன்னு பயம். அந்த மனுஷன் ஒருத்தரையும் ஏமாத்தல. நான்தான்."

பிளாசிதா வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயோ, அவரு குடிச்ச குவளைய வெந்நீர் ஊத்திக் கழுவினேனேடி. தெருவுல நின்னு திரும்பிப் பாத்தாருடி அந்த மனுஷன்."

சங்கத்து ஆட்களில் ஒருவர் எழுந்து, மறுபடியும் உட்கார்ந்தார். மாமா குழலால் குவளைக்குள் இருந்த இலையை அழுத்தினார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஆலை யாருக்குச் சொந்தம்னு நான் எந்திரிச்சுக் கேட்டேனே. அப்பவும் தெரிஞ்சேதான் சொன்னியா?"

"தெரிஞ்சேதான், மாமா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நான்கு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள், இஸ்திரி போட்ட சட்டை, எண்ணெய் துடைத்த கைக்குட்டை எல்லாம் அவர் முகத்தில் வந்துபோனதை அவள் பார்த்தாள். அவர் திட்டியிருந்தால், அடித்திருந்தால்கூட அவளுக்கு இதமாக இருந்திருக்கும். அவர் அடுத்த குவளைக்குத் தண்ணீர் ஊற்றினார். வட்டத்தில் அது அவளுடைய முறை. கொடுத்தார். குடித்தாள். துருவும் ஐஸும் நெஞ்சில் இறங்கின.

குவளையைத் திருப்பிக் கொடுத்தபோது அவளுக்கு உடம்பு லேசாகி இருந்தது. ஏழு வருஷத்துச் சுமையை இறக்கிவைத்தாயிற்று, இனி எது வந்தாலும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு அசட்டு நம்பிக்கை. எத்தனையோ நாளாக வாயில் வராத அந்தச் சொல் தானாகவே வந்தது.

"திங்கக்கிழமை கோர்ட்டுல உள்ளதச் சொல்லிடறேன், மாமா. கேஸு நிக்காது. இனி நாம என்ன பண்ணலாம்?"

மாமா குவளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து அவளைப் பிள்ளை என்று மட்டுமே கூப்பிட்டவர்.

"நீ வீட்டுக்குப் போ, நிமியா," என்றார். "நாங்க பேசிக்கிறோம்."